குடைக்குக் கீழே ஒரு கோடு

1

டென்மார்க்கின் பிரதமர் பதவி விலகுவதாக அறிவித்த அன்று மாலை, என் மகள் சுவரில் தொங்கிய ஒரு படத்தைப் பார்த்து, "இது நான் கீறினது இல்லை" என்றாள். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுவது பொருத்தமில்லை. ஆனால் என் நாட்குறிப்பில் ஒரு நாளுக்கு ஒரு பக்கம்தான். இரண்டும் ஒரே வியாழக்கிழமை நடந்தன.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்களைப் போல முன்னால் வந்து அகதிகளானவர்கள், மனைவி பிள்ளைகளைக் கூப்பிட மனுக் கொடுத்தோம். அந்த மனுக்கள் நீண்ட காலம் எடுக்கப்படாமல் கிடந்தன. அவை தாமாகக் கிடக்கவில்லை, கிடக்க விடப்பட்டன என்பது பிறகு தெரிய வந்தது. யார் சொன்னார்கள், யாருக்குத் தெரிந்திருந்தது என்று வருடக் கணக்கில் விசாரித்தார்கள். இப்போது அறிக்கை வந்து அரசாங்கமே போகிறது. டெனிஷ்காரர் இதைத் 'தமிழ் வழக்கு' என்கிறார்கள். எங்களில் யாரும் வழக்குப் போட்டதாக எனக்கு நினைவில்லை. நாங்கள் காத்திருந்தோம், அவ்வளவுதான்.

இரண்டாவது விடயத்துக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

2

நான் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தபோது என் மகள் அனிற்றாவுக்கு ஏழு மாதம். ஒடென்சே நகருக்கு வெளியே பூச்செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. சாடிகளை வரிசையாக, ஒரே இடைவெளியில் அடுக்க வேண்டும். ஊரில் நில அளவைக் கந்தோரில் படம் வரைபவனாக இருந்தவன் நான். இடைவெளி என்றால் எனக்குப் பிரச்சினை இல்லை. மன்னார் சூசை அண்ணையும் நானும் ஓர் அறையில் இருந்தோம். அவருக்குக் கூப்பிட யாரும் இல்லை. ஆகவே என் மனுவைப் பற்றிப் பகிடி விடுவதுதான் அவருடைய பொழுதுபோக்கு.

"தம்பி, உம்மட பைலுக்கு இப்ப மீசை முளைச்சிருக்கும்" என்பார்.

மாலையில் ஏதாவது வகுப்புக்குப் போனால் மொழி வரும் என்று கொமூன் எனப்படும் நகரசபை அலுவலகத்தில் சொன்னார்கள். நான் தச்சு வகுப்புக் கேட்டேன். அது நிரம்பியிருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் விரலால் பட்டியலில் கீழே இறங்கி, "இதிலும் மரம் இருக்கிறது" என்று ஒன்றில் பேரை எழுதினாள். அப்படித்தான் ஒவ்வொரு செவ்வாயும் ஏழு மணிக்கு யப்பானிய மரச்செதுக்குப் பட வகுப்பில் நான் போய் உட்கார வேண்டி வந்தது.

ஆசிரியை கீர்ஸ்டன். அறுபதை நெருங்கும் உயரமான பெண். கியோட்டோவில் ஆறு வருடம் இருந்து அச்செடுக்கப் பழகியவர். முதல் நாள் அவர் ஒரு பழைய படத்தை மேசையில் விரித்தார். பாலத்தில் மழை. மழை மெல்லிய சாய்ந்த கோடுகளாக, நூற்றுக்கணக்கில்.

"இந்த மழையை யார் செய்தது?" என்று கேட்டார்.

நான் மூலையில் இருந்த எழுத்தைக் காட்டினேன். ஓவியன் பெயர் என்று ஊகித்தேன்.

"அவர் தாளில் கீறினார். மரத்தில் ஒரு கோட்டையும் அவர் வெட்டவில்லை. வெட்டியவர் வேறு, மையிட்டு அச்செடுத்தவர் வேறு. பலகைக்கும் தாளுக்கும் காசு போட்டு விற்ற பதிப்பாளர் வேறு. நாலு பேர். பெரும்பாலும் ஒரு பேர்தான் மிஞ்சும்."

படத்தில் ஒரு சிறிய வட்ட முத்திரையும் இருந்தது. அது என்ன என்று கேட்டேன். அந்தக் காலத்தில் படத்தை வெட்ட முன்னர் அதிகாரிகள் பார்த்து 'சரி' என்று முத்திரை குத்த வேண்டுமாம்.

"முத்திரைக்கு எத்தனை நாள் எடுத்தது?" என்று கேட்டேன். என் டெனிஷில் அப்போது நன்றாக வந்த கேள்விகளில் இது ஒன்று.

கீர்ஸ்டனுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த போல் என்பவர், "நம்முடைய ஆட்களைவிடக் கெதியாகத்தான் இருந்திருக்கும்" என்றார். போல் கப்பல் தளத்தில் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். என் மனுவைப் பற்றி அறிந்த முதல் டெனிஷ்காரர் அவர்தான். வகுப்பில் அவர் வெட்டுபவர். என்னைக் கீர்ஸ்டன் அச்செடுக்க விட்டார். பலகையின் ஓரத்தில் இரண்டு சிறு வெட்டுக்கள் இருக்கும். ஈரத் தாளின் மூலையை ஒன்றிலும் விளிம்பை மற்றதிலும் பொருத்தி விட வேண்டும். மயிரிழை விலகினால் நிறம் கோட்டுக்கு வெளியே போய்விடும். என் தாள் விலகாது.

3

அந்தக் குளிர்காலத்தில், யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு வந்த ஒருவர் மூலம் என் மனைவி றோஸ்மலரின் கடிதம் வந்தது. உள்ளே அனிற்றா கீறிய ஒரு படம். விமானத் தபாலுக்கான மெல்லிய நீலத் தாளில், பேனையால். அப்போது அவளுக்கு நாலரை வயது. டென்மார்க்கில் ஐஸ் கொட்டும் என்று தாய் சொல்லியிருக்கிறாள். பிள்ளை கண்ட ஐஸ் கடையில் விற்பதுதான். ஆகவே வானத்தில் இருந்து சதுரம் சதுரமாக ஐஸ் கட்டிகள் விழுந்தன. நான் பெரிய குடை பிடித்துக்கொண்டு நின்றேன். குடைக்குக் கீழே றோஸ்மலரும் அவளும். என் முகத்தில் மீசை இருந்தது, புகைப்படத்தில் பார்த்திருப்பாள்.

சூசை அண்ணை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்தக் கட்டி தலையிலை விழுந்தா மனுசன் செத்துப் போவான். பிள்ளை உம்மைக் குடையோட நிப்பாட்டினது நல்லது" என்றார்.

அடுத்த செவ்வாய் நான் வகுப்புக்குப் போகவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு ரயில் ஏறி, கடல் கடந்து, கொப்பன்ஹேகனுக்குப் போனேன். மனுக்களைப் பார்க்கும் அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் என் இலக்கத்தைத் தட்டிப் பார்த்து, "பரிசீலனையில் இருக்கிறது" என்றார். பதினொரு மாதத்துக்கு முன்பும் அதே பதில். நாட்குறிப்பில் இரண்டு பக்கங்களையும் புரட்டிப் பார்த்தேன். ஒரு சொல்கூட மாறவில்லை.

நான் போகாத அந்த வகுப்பில்தான் கீர்ஸ்டன் படத்தைப் பலகையில் ஒட்டும் முறையை விளக்கியிருக்கிறார். எனக்கு போல் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "அடுத்த கிழமை மெல்லிய தாளில் ஒரு கோட்டுப் படம் கொண்டு வா."

மற்றவர்கள் தாங்கள் வைத்திருந்த படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பிரதி எடுத்து வந்தார்கள். எனக்கு அந்த எண்ணமே வரவில்லை. இந்த நாட்டில் நான் படித்த முதற் பாடம், எந்த மேசைக்கும் பிரதியைக் கொண்டு போகக் கூடாது என்பதுதான். கலியாணப் பத்திரத்தின் பிரதியைக் கொண்டு போனால் மூலம் எங்கே என்பார்கள். பிறப்புப் பத்திரமும் அப்படித்தான். மூலத்தைக் கொடுத்தால் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். ஆகவே நான் மூலத்தைக் கொண்டு போனேன். மட்டைகளுக்கு இடையில் வைத்து, மடங்காமல்.

"எவ்வளவு நல்ல தாள்" என்றார் கீர்ஸ்டன். "இது மூலமா?"

"ஓம், மூலம்தான்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

பலகையில் பசை பூசியிருந்தது. அவர் தாளை முகம் கீழாகத் திருப்பிப் பசையில் வைத்து, உள்ளங்கையால் தடவினார். பின்பக்கம் தெரிந்தது, கோடுகள் இடம் வலம் மாறி மங்கலாகத் தெரிந்தன. பிறகு என் விரலை நனைத்து, "இப்போது பின்பக்கத்தை மெதுவாகத் தேய். தாள் திரண்டு வரும். கோடு தெரிய மெல்லியதாக ஒரு படை மட்டும் மிஞ்ச வேண்டும்" என்றார்.

நான் தேய்த்தேன். நீலத் துணுக்குகள் விரலில் சுருண்டன. அப்போதுதான் கேட்டேன்.

"இதை எப்போது கழற்றுவது?"

"எதை?"

"படத்தை."

கீர்ஸ்டன் என்னைப் பார்த்தார். "அது கழன்று வராது. போல் அதோடு சேர்த்துத்தான் வெட்டுவார். வெட்டி முடிய, படம் இருக்காது. எப்போதும் அப்படித்தான். அந்த மழைப் படத்தின் மூலமும் வெட்டும்போதே போனது." பிறகு குரல் இறங்கியது. "நீ மூலம் என்றபோது, உன்னிடம் இது போல வேறு இருக்கிறது என்று நினைத்தேன்."

"வேறு இல்லை."

போல் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இப்போது உரித்தால் கிழியும். வெட்டினால் கோடாவது மிஞ்சும். நீதான் சொல்ல வேண்டும்" என்றார் கீர்ஸ்டன்.

வெட்டச் சொன்னேன்.

போல் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு குனிந்தார். எண்ணெய் தடவ மற்றக் கோடுகள் எல்லாம் கறுப்பாக எழுந்தன. குடைக்காரனின் சும்மா இருந்த கைக்கும் சின்ன உருவத்தின் கைக்கும் நடுவில் மட்டும், நான் கூடத் தேய்த்துவிட்ட இடத்தில், தாள் சுருண்டு போயிருந்தது.

"இதில் கோடு இருந்ததா? இந்தக் கையில் இருந்து அந்தக் கைக்கு?"

நான் குனிந்து பார்த்தேன். மரம்தான் தெரிந்தது.

"நான் இருக்கிறதைத்தான் வெட்டுவேன். இல்லாததை வெட்ட மாட்டேன். இந்த இடத்து மரத்தை எடுத்துவிட்டால் பிறகு என்னால் திருப்பி வைக்க ஏலாது. இருந்ததா, இல்லையா?"

"இருந்தது" என்றேன்.

4

பெரிய வெள்ளிக்கு முன்னர் இருபது அச்செடுத்தேன். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் இலக்கம் போட்டேன். குடை மட்டும் சிவப்பு. ஐஸ் கட்டிகள் கட்டிகளாகவே விழுந்தன. முதலாம் இலக்கத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன்.

அடுத்த வருடம் அவர்கள் வந்தார்கள். விமான நிலையத்தில் அனிற்றா தாயின் சேலைக்குப் பின்னால் நின்று என் மீசையைப் பார்த்தாள். பிறகு தாயின் கைப்பைக்குள் இருந்த என் படத்தை எடுத்துப் பார்த்தாள். பிறகு இரண்டையும் பார்க்கவில்லை.

இது நடந்து மூன்று வருடமாகப் போகிறது. இப்போது அவளுக்கு எட்டு வயது. டெனிஷ் அவளுக்குத் தண்ணீர் மாதிரி. நான் தமிழில் கேட்பேன், அவள் டெனிஷில் மறுமொழி சொல்வாள். அது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். டோஸ்ட்ருப் நகரில் இருக்கும் எங்கள் உறவினர் வீட்டிலும் அதே கதை. எனக்குப் பிடிபடாதது வேறொன்று. அவள் என்னை எதுவாகவும் கூப்பிடுவதில்லை. தமிழிலும் இல்லை, டெனிஷிலும் இல்லை. ஏதும் தேவையென்றால் எனக்கு முன்னால் வந்து நின்று, நான் பார்க்கும்வரை காத்திருப்பாள். நான் வீட்டில் இருக்கும்போதே தாயிடம் "அவரிட்டைக் கேளுங்கோ" என்பாள். வீதி கடக்கும்போது தாயின் பக்கம்தான் நடப்பாள்.

அந்த வியாழக்கிழமை தொலைக்காட்சியில் அதே செய்தி திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தது. றோஸ்மலர் சுவரைக் காட்டி, "நாங்கள் அங்கை நிண்டு இந்த மனுவுக்குத்தான் பிள்ளை காத்துக்கொண்டு இருந்தது. அப்ப நீ கீறின படம்தான் அது" என்றாள்.

அனிற்றா கதிரையில் ஏறி நின்று பார்த்தாள். ஒவ்வொரு நாளும் அதைக் கடந்து போனவள். அன்றுதான் பார்த்தாள்.

"இது நான் கீறினது இல்லை." தாயிடம் சொன்னதால் தமிழில் சொன்னாள்.

"என்னடி, ஐஸ் கட்டி எல்லாம் நீதானே..."

"ஐஸ் நான். குடை நான். இது நான் இல்லை." விரலை வைத்தாள். குடைக்குக் கீழே, இரண்டு கைகளும் தொடும் இடத்தில். பிறகு டெனிஷுக்கு மாறினாள். "நான் அம்மாவின் கையை மட்டும்தான் பிடித்தேன். எனக்கு அவரைத் தெரியாது. தெரியாத ஆளின் கையை ஏன் பிடிப்பேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பிழையைக் காட்டுவது போலச் சொன்னாள்.

றோஸ்மலரிடம் கேட்டேன். கடிதத்துக்குள் வைத்து மடித்தவள் அவள்தானே.

"பிடிச்சிருந்த மாதிரித்தான்... இல்லை, நில்லுங்கோ. என்ரை கையைப் பிடிச்சிருந்தவள். மற்றக் கை... ஐயோ, ஷெல் விழுகிற நேரம் கீறின படத்தை ஆர் வடிவாப் பாத்தது, இஞ்சருங்கோ?"

5

நாட்குறிப்பை எடுத்தேன். எனக்கு நினைவை விட எழுத்தில் நம்பிக்கை. படத்தைப் பலகையில் ஒட்டிய செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் வெளியே எத்தனை பாகை குளிர் என்று இருக்கிறது. பேருந்து நான்கு நிமிடம் பிந்தியது என்று இருக்கிறது. கீழே: "கைக் கோடு அழிந்துவிட்டது. போல் கேட்டார். இருந்தது என்றேன்."

என்றேன் என்றுதான் இருக்கிறது. கண்டேன் என்று இல்லை. கடிதம் வந்த நாளின் பக்கத்தையும் பார்த்தேன். ஐஸ் கட்டிகளை எண்ணி எழுதியிருக்கிறேன்: முப்பத்தொன்று. கையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, இப்போதும் நான் போகும் அதே வகுப்பில் போலிடம் கேட்டேன். "நீ சொன்னாய், நான் வெட்டினேன்" என்றார். கீர்ஸ்டன் யோசித்துவிட்டு, "நான் தாளை உடனே திருப்பி ஒட்டிவிட்டேன். முகப்பக்கத்தை அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை" என்றார். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கு ஆள் தங்கள் பங்கைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். அறிக்கையைப் பற்றிப் பத்திரிகையில் படித்தபோது, இத்தனை பேர் இருந்த இடத்தில் யார் செய்தது என்று தெரியாமல் போவது எப்படி என்று நான் சூசை அண்ணையிடம் கொதித்தது நினைவுக்கு வந்தது.

அவரிடமும் சொன்னேன். சிரித்தார். "உம்மட கோட்டுக்கும் ஒரு விசாரணைக் கமிசன் போடுவம். நான் நீதவான். ஒரு கேள்விதான். இருந்தது எண்டு சொல்லேக்கை, கண்டதைச் சொன்னீரோ, ஆசைப்பட்டதைச் சொன்னீரோ?"

"தெரியாது, அண்ணை."

"விசாரணையிலை அவையும் அப்பிடித்தான் சொன்னவை" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பகிடி, பகிடி. தேத்தண்ணி குடியும்" என்றார்.

அது பகிடியா என்று இன்னும் யோசிக்கிறேன். மனுவைக் கிடக்க விட்டவர்களும் நானும் ஒன்று இல்லை. நான் எட்டு மில்லிமீற்றர் நீளத்துக்கு ஒரு கோடு போட்டேன். போட்டேனோ, இருந்ததைக் காப்பாற்றினேனோ. ஆனால் அவளுடைய மூலத்தைக் கொடுத்து அழித்தவன் நான். அதனால் அவள் சொல்வதை இல்லையென்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. உண்டென்று காட்டவும் இல்லை.

6

சனிக்கிழமை றோஸ்மலருக்கு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. அனிற்றாவை வகுப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சனிக்கிழமைகளில் போல் அங்கே தன் சொந்த வேலையைச் செய்துகொண்டிருப்பார். காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வெட்டுவார். தலையை மட்டும் ஆட்டினார். வழியெல்லாம் நிலம் கண்ணாடியாக உறைந்திருந்தது. அவள் எனக்கு இரண்டு அடி முன்னால் நடந்து வந்தாள்.

பலகையை அலுமாரியில் இருந்து எடுத்து மேசையில் வைத்தேன். தன் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல, இடம் வலம் மாறி, மரத்தில் எழும்பி நிற்பதைக் கண்டதும் விரலை ஓட்டிப் பார்த்தாள். ஐஸ் கட்டிகளை எண்ணினாள். கைகள் வந்ததும் நின்றாள்.

"இந்தக் கோட்டை எடுக்கலாம்" என்றேன். "சேர்க்கிறதுதான் கஷ்டம். எடுக்கிறது லேசு. யப்பானிலை பழைய ஆட்களும் எடுத்திருக்கினம். விருப்பமெண்டால் நீ எடு."

"நானா?"

"உன்ரை படம்."

போலின் சின்னக் கத்தியை வாங்கி, பிடிக்கும் முறையைக் காட்டினேன். கீர்ஸ்டன் எங்களுக்கு ஒவ்வொரு வகுப்பிலும் உரக்கச் சொல்லும் விதி ஒன்றுதான்: கத்தி போகும் பக்கத்தில் கை இருக்கக் கூடாது. அதையும் சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன். பலகை வழுக்கக் கூடாது என்று அதன் மறு விளிம்பை நான் பிடித்துக்கொண்டேன்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். கத்தியின் முனை கோட்டின் தொடக்கத்தில் நின்றது. நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கோட்டை மட்டும்தான். எட்டு மில்லிமீற்றர். அது போக முன்னர் ஒரு தரம் சரியாகப் பார்த்து, இந்த முறையாவது நாட்குறிப்பில் எழுத வேண்டும் என்று இன்னும் கிட்டக் குனிந்தேன். குனிந்ததில் என் கை பலகையின் மேல் நகர்ந்து போயிருக்க வேண்டும்.

அவள் கத்தியை உயர்த்தினாள். என்னைக் கூப்பிட்டாள். கையை எடுக்கச் சொன்னாள்.

முன்னால் வந்து நிற்கவில்லை. நான் பார்க்கும்வரை காத்திருக்கவில்லை. பெரிய சத்தமாகக் கூப்பிட்டாள்.

நான் கையை எடுத்தேன். அவள் வெட்டினாள். மூன்று சிறு சுருள்கள் வந்தன. ஊதித் தள்ளினாள்.

பிறகு தாளை நனைத்து, மையும் பசையும் கலந்து ஒன்று அச்செடுத்தோம். குடைக்காரன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். சின்னப் பிள்ளை தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. நீட்டிய கைக்கும் பிள்ளைக்கும் இடையில் வெள்ளைத் தாள். அனிற்றா அதைத் தூக்கிப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். டெனிஷில், "இப்போது சரி" என்றாள். பின்பக்கத்தில் இருபத்தொன்று என்று பென்சிலால் எழுதினேன். முதலாவதைச் சுவரில் இருந்து கழற்றுவதா, இதைப் பக்கத்தில் மாட்டுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

திரும்பி வரும்போதும் அவள் இரண்டு அடி முன்னால்தான் நடந்தாள். வழுக்கும் இடங்களில் நின்று, திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்து நாட்குறிப்பைத் திறந்தேன். அவள் கூப்பிட்டது அப்பா என்றா, டெனிஷ் பிள்ளைகள் தகப்பனைக் கூப்பிடும் சொல்லாலா என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. கூப்பிட்ட நேரம் கத்தியையும் கையையும் அல்லவா பார்த்தேன். கருவி இல்லாமல் போலுக்குக் காது கேட்டிருக்காது. அவளிடம் கேட்கலாம், கேட்டால் இனிக் கூப்பிடாமல் விட்டுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. காதில் தெளிவாக விழாததை எழுதக் கூடாது. விழுந்ததை மட்டும் எழுதினேன்:

"கையை எடுக்கச் சொன்னாள். எடுத்தேன்."